எத்தனை ஆணி வரை நியாயம்?

ட்ரெ சீமே டி லாவரேதோ என்ற மூன்று மலைக் கோபுரங்களை முதன்முதலில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தப்பான பக்கத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். வட இத்தாலியில் மிசூரினா ஏரியிலிருந்து கிளம்பும் பஸ், சுங்கச் சாலை வழியாக 2320 மீட்டர் உயரத்தில் இருக்கும் அவுரொன்சோ விடுதி வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். அண்ணாந்து பார்த்தால் மூன்று மொட்டைப் பாறைகள் உடைந்த படிகளும் சரளைக்கல்லுமாக நிற்கும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றும். கூட்டத்தில் பாதிப் பேர் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

கிழக்கே போகும் அகலமான பாதையில் ஒரு மணி நேரம் நடந்து, 2454 மீட்டரில் உள்ள லாவரேதோ கணவாயைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். வடக்குப் பக்கம் அது. மஞ்சளும் சாம்பலுமான மூன்று சுவர்கள் சரளைச் சரிவிலிருந்து நேராக எழும்பி நிற்கும். நடுவில் சீமா கிராண்டே, 2999 மீட்டர். ஒரே ஒரு மீட்டரில் மூவாயிரத்தைத் தவறவிட்ட மலை. வலப்பக்கம் சீமா ஓவெஸ்ட், 2973. இடப்பக்கம் சீமா பிக்கோலா, 2857. ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு இவை ‘ட்ரை ஸின்னென்’. சீமா கிராண்டேயின் வடக்குச் சுவர் மட்டும் சுமார் 550 மீட்டர். அதன் கீழ்ப் பாதி செங்குத்தைக்கூடத் தாண்டி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அந்தப் பாதியின் மேல் முனையிலிருந்து ஒரு கல் விழுந்தால் சுவரில் படாமல் வந்து சேரும்.

நான் மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். இங்கே பாறையேற்றக் கூடங்களுக்குப் பஞ்சமே இல்லை. மழைக்காலத்தில் அலுவலகம் முடிந்ததும் ஷூவை மாற்றிக்கொண்டு பிளாஸ்டிக் பிடிகளில் தொங்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கோடைகளில் இந்தக் கோபுரங்கள் இருக்கும் டோலமைட்ஸ் மலைத்தொடர்ப் பக்கம் இழுத்துப் போகிறது. ஆனால் இந்த மூன்று கோபுரங்களிடம் என்னைப் பிடித்து நிறுத்தியது ஏறும் ஆசை மட்டுமில்லை. இந்தச் சுவர்களில் ஒவ்வொரு தலைமுறையும் போட்ட சண்டை. எந்த அளவுக்கு இரும்பு அடித்தால் அது ஏறியதாகக் கணக்கு, எதற்கு மேல் போனால் கணக்கில்லை? நூறு வருடத்துக்கும் மேலாக மனிதர்கள் இதற்காக ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் இந்தச் சுவர்களில் ஒரு ரூட்டாக நிற்கிறது.

முதலில் பாறையைப் பற்றிக் கொஞ்சம். சுண்ணாம்புக்கல் கோபுரங்கள் என்று பொதுவாகச் சொன்னாலும் கறாராகப் பார்த்தால் இது சுண்ணாம்புக்கல்லின் உறவுக்காரக் கல். கால்சியம் கார்பனேட்டில் ஒரு பங்கு கால்சியத்தின் இடத்தை மெக்னீசியம் பிடித்துக்கொண்டால் கிடைப்பது. சாதாரணச் சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்கும். இது அசைந்துகொடுக்காது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தியோதா தெ டோலோம்யூ என்ற பிரெஞ்சுக்காரர் அந்த வித்தியாசத்தைக் கவனித்து எழுதினார். 1792இல் அவர் பெயரையொட்டி டோலமைட் என்றே கல்லுக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு அது மலைத்தொடருக்கும் ஒட்டிக்கொண்டது. சுமார் 22 கோடி வருடங்களுக்கு முன்பு இந்த இடம் ஆழமில்லாத வெப்பக் கடல். ஓதம் ஏறி இறங்கும் சேற்றுப் பரப்பில் அடுக்கடுக்காகப் படிந்தவைதான் இன்றைக்குச் சுவரில் கிடைமட்டக் கோடுகளாகத் தெரிகின்றன. ஏறுகிறவர்களுக்கு அந்தக் கோடுகள்தான் கால் வைக்கவும் உட்காரவும் கிடைக்கும் திட்டுகள். சீமா கிராண்டேயின் உச்சிக்குக் கீழே அப்படியொரு திட்டு மலையைச் சுற்றி வளையம்போல் ஓடுகிறது. வடக்குச் சுவரில் ஏறி முடித்தவர்கள் அந்த வளையத்தைப் பிடித்து மறுபக்கம் போய்த்தான் இறங்குவார்கள்.

நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. இங்கே ஏறுகிற எல்லோருக்கும் முதல் பாடம் இதுதான்: சாம்பல் நிறமென்றால் மழையும் வெயிலும் பட்டுத் தேறிய பாறை, நம்பலாம். மஞ்சள் என்றால் அண்மையில் (அண்மை என்பது மலையின் கணக்கில்) உடைந்து விழுந்த இடம். மழைகூடப் படாத அளவுக்கு வெளியே சாய்ந்திருக்கும், பிடி கையோடு வந்துவிடலாம். கறுப்புக் கோடு தண்ணீர் வழியும் தடம். வடக்குச் சுவரின் கீழ்ப் பகுதி பெரும்பாலும் மஞ்சள். இனி வரப்போகிற கதை முழுக்க அந்த மஞ்சளோடு மல்லுக்கட்டிய கதைதான்.

முதல் ஏற்றங்கள் எல்லாம் தெற்குப் பக்கத்துச் சுலபமான வழிகளில் நடந்தவை. 1869 ஆகஸ்ட் 21 அன்று வியன்னாக்காரரான பால் கிரோமன், ஃபிரான்ஸ் இன்னர்கோஃப்ளர், பீட்டர் ஸால்ஹர் என்ற இரண்டு வழிகாட்டிகளோடு சீமா கிராண்டேயின் உச்சியைத் தொட்டார். சரியாகப் பத்து வருடம் கழித்து, அதே தேதியில், மிஹேல் இன்னர்கோஃப்ளர் சீமா ஓவெஸ்டில் நின்றார். 1881இல் அவரும் ஹான்ஸ் இன்னர்கோஃப்ளரும் சீமா பிக்கோலாவையும் முடித்தார்கள். எங்கே பார்த்தாலும் இன்னர்கோஃப்ளர்தான். ஸெக்ஸ்டன் பள்ளத்தாக்கில் அந்தக் குடும்பத்துக்கு மலை வழிகாட்டுவது தலைமுறைத் தொழில். மூன்று உச்சியும் முடிந்தது, இனி இங்கே என்ன இருக்கிறது என்று ஊர் நினைத்தது. சண்டை அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

1911இல் பால் ப்ராய்ஸ் என்ற ஆஸ்திரிய இளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். எந்த வழியில் ஏறுகிறாயோ அதே வழியில் உன்னால் இறங்கவும் முடிய வேண்டும், பாறையில் அடிக்கும் ஆணி ஆபத்துக்கு உதவத்தானே தவிர ஏறும் முறையாக இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. ஆணி என்று நான் சொல்வது பாறை வெடிப்பில் சுத்தியலால் அடித்து இறக்கும் இரும்புத் துண்டை. அதன் தலையில் ஓட்டை இருக்கும். அதில் காரபைனர் கொக்கியை மாட்டி, கொக்கிக்குள் கயிற்றை விட்டால், விழுந்தாலும் கயிறு பிடித்துக்கொள்ளும். அன்றைக்குப் பெரிய ஏற்றக்காரர்களில் பலர் ப்ராய்ஸை எதிர்த்து எழுதினார்கள். அவர் வாயளவில் நிற்கிற ஆள் இல்லை. அதே வருடம் இந்த மூன்று கோபுரங்களின் ஓரத்தில் நிற்கும் குட்டி முனையொன்றில், பால் ரெல்லியோடு ஒரு செங்குத்து வெடிப்பில் ஏறிக் காட்டினார். அந்த வெடிப்பு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1913இல் ஆஸ்திரியாவில் தனியாக ஒரு புது வழியில் ஏறும்போது விழுந்து இறந்தார். வயது 27. அவருடைய எதிர்க்கட்சி சரியென்று அதனால் நிரூபணமாகிவிடவில்லை. அவருடைய கட்சி தப்பென்றும் ஆகிவிடவில்லை.

நடுவில் வந்த போர் வேறு மாதிரி இரும்பைக் கொண்டுவந்தது. அப்போது ஆஸ்திரிய, இத்தாலிய எல்லை இந்த மலை முகட்டில்தான் ஓடியது. 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் கோபுரங்கள் அப்படியே போர்முனையாகிவிட்டன. இத்தாலியர்கள் சீமா கிராண்டேயின் உச்சிக்கு ஒரு தேடுவிளக்கை இழுத்துப் போய் நிறுத்தினார்கள். வழிகாட்டி ஸெப் இன்னர்கோஃப்ளர், கோபுரங்களுக்கு எதிரே மலை விடுதி நடத்தியவர். விடுதி குண்டுவீச்சில் போயிற்று. 1915 ஜூலை 4 அன்று பக்கத்து மலையான பாட்டர்ன்கோஃபெல் உச்சியைப் பிடிக்கப் போன சிறு குழுவுக்கு வழிகாட்டிய அவரும் அங்கேயே போனார். உச்சியில் இருந்த இத்தாலியச் சிப்பாய் உருட்டிய கல்லால் இறந்தாரா, தன் பக்கத்துத் துப்பாக்கியாலேயே இறந்தாரா என்பது இன்னும் அந்தப் பக்கத்து மேசைகளில் சர்ச்சை. எதிரிகளே அவரை உச்சியில் அடக்கம் செய்தார்கள். இன்று அந்த மலைக்குள் போர்க்காலச் சுரங்கம் வழியாக இரும்புக் கம்பி பிடித்து ஏறும் பாதை ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையின் பெயரில் கல்லை எறிந்ததாகச் சொல்லப்படும் தெ லூக்காவும் இருக்கிறார், இன்னர்கோஃப்ளரும் இருக்கிறார். அதில் நான் போயிருக்கிறேன். தலைவிளக்கு இல்லாமல் போகாதீர்கள், சுரங்கத்துக்குள் கும்மிருட்டு.

சரி, வடக்குச் சுவருக்கு வருவோம்.

1930களின் தொடக்கத்தில் சீமா கிராண்டேயின் வடக்குச் சுவர், கிழக்கு ஆல்ப்ஸில் எல்லோரும் கண்வைத்திருந்த இடம். எமிலியோ கோமிச்சி கடலோர ஊரான திரியெஸ்தேயில் 1901இல் பிறந்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்தவர். மலைக்கு வருவதற்கு முன்பு குகைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தவர். கயிற்றில் தொங்கி இருட்டில் வேலை செய்து பழகியவருக்கு வெளியே சாயும் சுவர் அவ்வளவு அந்நியமாகத் தெரிந்திருக்காது என்பது என் ஊகம். பக்கத்து ஊரான கோர்த்தினாவின் வழிகாட்டிச் சகோதரர்கள் ஜூசெப்பே திமாயும் ஆஞ்செலோ திமாயும் அவரோடு சேர்ந்தார்கள். 1933 ஆகஸ்டில் மூவரும் சுவரில் இரவைக் கழித்து, 14ஆம் தேதி உச்சிக்குப் போனார்கள்.

அவர்கள் அந்த மஞ்சள் பகுதியைக் கடந்த விதம்தான் பிரச்சினை. இரண்டு கயிறுகள். மேலே கை எட்டும் இடத்தில் ஓர் ஆணி அடி, ஒரு கயிற்றை அதில் மாட்டு, கீழே நிற்பவர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஆணியில் தொங்கும் நாடா ஏணியில் கால் வைத்து எழும்பி அடுத்த ஆணியை அடி. கை ஓய்ந்தால் ஆணியிலேயே தொங்கி ஓய்வெடு. இன்றைக்குச் செயற்கை ஏற்றம் என்று சொல்கிறோமே, அதன் பாலபாடம். “இத்தனை ஆணி அடித்தால் யார்தான் ஏறமாட்டார்கள்?” என்ற முணுமுணுப்பு உடனே கிளம்பிவிட்டது.

பனையேறி காலில் தளை மாட்டிக்கொண்டுதான் ஏறுகிறார். அதனால் ஏறியது அவரில்லை, தளைதான் என்று நம்மூரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? கோமிச்சி விஷயத்தில் நான் பனையேறியின் கட்சி. சுத்தியலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் உடையப்போகிற பாறையைப் பிடித்துக்கொண்டு, சணல் கயிற்றை நம்பி, கீழே இருநூறு மீட்டர் காற்றில் நின்று ஆணி அடித்துப் பார்த்தவர்கள் முணுமுணுத்திருந்தால் கேட்டுக்கொள்ளலாம். பெரும்பாலும் முணுமுணுத்தவர்கள் அவர்கள் இல்லை.

கோமிச்சியே அந்தப் பேச்சை மறக்கவில்லை போலிருக்கிறது. 1937இல் அதே ரூட்டில் தன்னந்தனியாக ஏறினார். நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். உச்சியிலிருந்து விழும் நீர்த்துளி எந்தக் கோட்டில் விழுமோ அந்தக் கோட்டிலேயே ஒரு ரூட் போட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். இந்த ஆசை பின்னால் எவ்வளவு வினையாகப் போகிறது என்று அவருக்குத் தெரியாது. 1940இல் வால் கார்தேனா பக்கம் ஒரு சின்னப் பயிற்சிப் பாறையில் நைந்துபோன ஒரு துண்டுக் கயிறு அறுந்து இறந்துபோனார்.

வடக்குச் சுவருக்கு அடுத்த மாதமே, 1933 செப்டம்பரில், கோமிச்சி சீமா பிக்கோலாவின் தெற்கு விளிம்பில் இன்னொரு ரூட்டைத் திறந்தார். ‘ஸ்பிகோலோ ஜாலோ’, மஞ்சள் விளிம்பு. கூடப் போனவர்கள் ரெனாத்தோ ஸனுத்தியும் மேரி வராலேயும். மூன்று கோபுரங்களின் எல்லா ரூட்டுகளிலும் எனக்கு அழகாகத் தெரிவது இதுதான். கத்தி முனை மாதிரியான ஒரு கோட்டை யாரோ பாறையில் இழுத்துவிட்டுப் போனதுபோல் இருக்கும். மேரி வராலே ஒரு விளையாட்டுப் பத்திரிகையாளரின் மனைவி. அந்தக் காலத்து மிகக் கடினமான ஏற்றங்களில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும். மறு வருடம் சிமோன் தெல்லா பாலா மலையில் இரண்டு இளைஞர்களோடு ஒரு பெரிய ரூட்டைத் திறந்தார். பதக்கம் என்று வந்தபோது அவருக்கு மட்டும் மறுத்தார்கள். 1935இல் மலைச் சங்கத்துக்குக் காரசாரமாக ஒரு கடிதம் எழுதிவிட்டு விலகிவிட்டார். அதன் பிறகு அவர் பெரிய ஏற்றங்களில் இல்லை. ஆணி எண்ணிக்கைக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கும் மலை வரலாறு, இதற்கு ஒரு பத்திதான் ஒதுக்குகிறது. நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

1935இல் சீமா ஓவெஸ்ட். அதன் வடக்குச் சுவர் இன்னும் மோசம், வீட்டுக் கூரைபோலவே வெளியே நீண்டுகிடக்கிறது. நேராக மேலே போக வழியே இல்லை. ஜெர்மானியர் இருவர் அடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தருணம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெக்கோவிலிருந்து வந்த ரிக்கார்டோ கஸ்ஸினும் வித்தோரியோ ராத்தியும் மோசமான வானிலையைப் பொருட்படுத்தாமல் அவர்களுக்கு முன்பாகச் சுவரில் ஏறிவிட்டார்கள். ஆகஸ்ட் 28 முதல் 30 வரை மூன்று நாள். கூரைகளைத் தவிர்க்க அவர்கள் பக்கவாட்டில் நகர்ந்த நீண்ட குறுக்கு நடைதான் இன்றும் அந்த ரூட்டின் உயிர். அதில் பாதி போய்விட்டால் திரும்பி வருவது கிட்டத்தட்ட முடியாது, முன்னே போவதுதான் வழி. ராத்தி 1945 ஏப்ரலில், போரின் கடைசி நாட்களில், லெக்கோ தெருவில் நாஜிகளுக்கும் பாசிஸ்டுகளுக்கும் எதிராகப் போராடிச் செத்தார். கஸ்ஸின் நூறு வயது வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

போருக்குப் பிறகு வந்தவர்கள் கோமிச்சியின் நீர்த்துளியைப் பிடித்துக்கொண்டார்கள். 1958 ஜூலையில் டீட்ரிஹ் ஹாஸ்ஸே, லோத்தர் பிராண்ட்லர், யோர்க் லேனே, ஸீக்ஃபிரீட் லோவ் நால்வரும் சீமா கிராண்டே வடக்குச் சுவரின் நட்டநடுவே நேர்கோட்டில் ஏறினார்கள். சுமார் 180 ஆணிகள், சில போல்ட்டுகள். போல்ட் என்றால் பாறையில் துளை போட்டு அடிப்பது. வித்தியாசம் பெரிது. ஆணிக்கு வெடிப்பு வேண்டும், பாறை அனுமதி தர வேண்டும். போல்ட் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. வெறும் வழவழச் சுவரிலும் துளை போட்டுக்கொண்டே எங்கு வேண்டுமானாலும் போகலாம். மறு வருடமே சீமா ஓவெஸ்டின் கூரைகளுக்குச் சுவிஸ்காரர்களும் கோர்த்தினாக்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

உச்சக்கட்டம் 1963 ஜனவரி. பீட்டர் ஸீகர்ட், ரைனர் கௌஷ்கே, கெர்ட் ஊனர் என்ற மூவர், ஹாஸ்ஸேக்கள் போனதைவிடவும் நேரான கோட்டில், கொடுங்குளிரில், சுவரிலேயே 17 நாள் தொங்கி ஏறி முடித்தார்கள். கீழே இருந்து மெல்லிய கயிற்றில் சாப்பாடு கட்டி மேலே இழுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் பனியில் நின்று தினச்செய்தி அனுப்பினார்கள். மூவரின் பூர்வீகம் ஜெர்மனியின் சாக்ஸனி. அதனால் சாக்ஸன் ரூட் என்றே பெயராகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சாக்ஸனியின் மணற்கல் பாறைகளில் ஆணியை வெடிப்பில் செருகுவதே பாவம். அங்கே இன்றும் நாடாவில் முடிச்சுப் போட்டு வெடிப்பில் திணித்துத்தான் ஏறுகிறார்கள். வீட்டில் விரதம், வெளியே விருந்து என்று கிண்டல் செய்யலாம். ஆனால் 17 நாள் அந்தக் குளிரில் என்னால் என் வீட்டு பால்கனியில்கூட இருக்க முடியாது. அதனால் கிண்டலை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதற்கு எதிர்வினை இந்த மலைகளிலிருந்தே வந்தது. 1968இல் தென் டைரோலைச் சேர்ந்த ஓர் இளைஞர், இருபதுகளில் இருந்தவர், போல்ட்டைக் கடுமையாகத் தாக்கி ஒரு கட்டுரை எழுதினார். துளை போட்டுப் போனால் முடியாதது என்று ஒன்றே இருக்காது, முடியாதது இல்லையென்றால் மலையேற்றத்தில் என்ன மிச்சம் என்பது அவர் வாதம். ரைன்ஹோல்ட் மெஸ்னர். பிற்காலத்தில் எட்டாயிரம் மீட்டர் மலைகள் 14லும் ஏறிய அதே மெஸ்னர்தான். ப்ராய்ஸின் பேய் 55 வருடம் கழித்து எழுந்து வந்து உட்கார்ந்தது.

தீர்ப்பு எழுத்தில் வரவில்லை, விரலில் வந்தது. 1975இல் ஜெர்மனியில் குர்ட் ஆல்பர்ட், பழைய ஆணியைப் பிடிக்காமல், மிதிக்காமல், விழுந்தால் பிடிக்க மட்டும் அதைப் பயன்படுத்தி முழுவதையும் ஏறிவிட்டால் அந்த ரூட்டின் அடியில் சிவப்புப் புள்ளி வைக்க ஆரம்பித்தார். உடம்பை மேலே தூக்குவது விரலும் காலும்தான், கயிறு காவலுக்கு மட்டும். இதைத்தான் ஃப்ரீ கிளைம்பிங் என்கிறார்கள். கயிறே இல்லாமல் ஏறுவது என்று நம்மூர்ச் செய்திகளில் வருவது தப்பு, அது ஃப்ரீ சோலோ, வேறு சங்கதி. 1987இல் ஆல்பர்ட்டும் கெரோல்ட் ஸ்ப்ராக்மனும் ஹாஸ்ஸே குழுவின் 180 ஆணி ரூட்டை இந்த முறையில் ஏறினார்கள்.

இந்த இடத்தில் எண்களைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1920களில் மியூனிக்கின் வில்லோ வெல்ஸன்பாஹ் வகுத்த கணக்குப்படி கடினத்துக்கு ஆறு படிகள். ஆறு என்பது மனிதனால் முடிகிற எல்லை. எல்லைக்கு மேல் எல்லை இருக்காது என்பதால் பல பத்து வருடம் எல்லாப் பெரிய ரூட்டும் ஆறுக்குள்ளேயே நசுங்கிக் கிடந்தன. 1978இல்தான் சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பு ஏழாவது படியை ஒத்துக்கொண்டது. இன்று கோமிச்சி ரூட்டை ஆணி பிடிக்காமல் ஏறினால் ஏழு. ஹாஸ்ஸே குழுவின் ரூட் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில். 2001இல் பவேரியாவின் அலெக்ஸாண்டர் ஹூபர், சீமா ஓவெஸ்டின் கூரைகளுக்கு நடுவே தான் போட்ட பெல்லவிஸ்தா ரூட்டை விரலாலேயே ஏறியபோது படி பதினொன்றைத் தொட்டது.

அதே ஹூபர் 2002 ஆகஸ்ட் 1 அன்று ஹாஸ்ஸே குழுவின் ரூட்டில் கயிறு இல்லாமல், தனியாக ஏறினார். முன்பு கயிற்றோடு பல முறை ஏறி ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்தார். இருந்தாலும் அது டோலமைட் மஞ்சள். ப்ராய்ஸ் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பாரா? அதே வழியில் இறங்குவாயா என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உறுத்துகிறது. ஹூபர் ஏறிய கோடு அங்கே இருக்கிறது என்று காட்டியதே அந்த 180 ஆணிகள்தான். 1958இல் நால்வர் சுத்தியலோடு போய், அந்த மஞ்சள் சுவரின் நடுவே விரல் நுழையும் வெடிப்புகள் தொடர்ச்சியாக இருக்கின்றன என்று கண்டுபிடித்திருக்காவிட்டால், வெறும் கையோடு அங்கே போக யாருக்கும் தோன்றியிருக்காது. தூய்மைக் கட்சிக்காரர்கள் இந்தக் கடனை ஒத்துக்கொள்வதில்லை. என் ஜெர்மன் நண்பர்களோடு கூடத்துக் கேன்டீனில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பியர் ஆறிப்போகும் அளவுக்கு வாதம் நீளும்.

என் சொந்த ஏற்றத்தைச் சொல்லாமல் இவ்வளவு நீதி பேசினால் நன்றாக இருக்காது. நான் ஏறியது 1869ஆம் வருடத்து ரூட். சீமா கிராண்டேயின் தெற்குப் பக்கம், மூன்றாம் படி. ஸெக்ஸ்டனைச் சேர்ந்த ஒரு வழிகாட்டியோடு போனேன். அறுபதை நெருங்கும் மனிதர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். கூடத்தில் ஏழாம் படி ஏறுகிறேன் என்று முதல் நாள் மாலை பெருமையாகச் சொன்னேன். “நல்லது. நாளைக்கு அது தேவைப்படாது. கல்லைத் தட்டிவிடாமல் நடக்கத் தெரியுமா?” என்றார்.

அவர் கேட்டது ஏன் என்று ஓடைப்பிளவுக்குள் நுழைந்ததும் புரிந்தது. சீமா கிராண்டேக்கும் சீமா பிக்கோலாவுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பிளவில் எல்லாத் திட்டிலும் சரளை. முன்னால் போகும் குழு ஒரு காலைத் தப்பாக வைத்தால் பின்னால் வருகிறவர்களின் ஹெல்மெட்டில் தாளம் கேட்கும். ஏறுவது கஷ்டமில்லை. வழி கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எல்லாத் திட்டும் ஒரே மாதிரி இருக்கும், எல்லாத் திட்டிலும் யாரோ வழிதவறிப் போன தடமும் இருக்கும். வடக்குச் சுவரில் நாள் முழுக்கக் கஷ்டப்பட்டு ஏறியவர்கள் சாயங்காலம் அந்த வளையத் திட்டைச் சுற்றிவந்து, களைத்துப்போய், முன்பின் பார்த்திராத இந்தத் தெற்கு வழியில் இறங்கவேண்டும். சுவரில் சிக்காதவர்கள் இங்கே சிக்கி இரவைக் குளிரில் கழிப்பது சாதாரணம் என்றார் வழிகாட்டி. கிரோமன் கயிறும் பூட்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு, தடம் எதுவுமே இல்லாத இந்தக் குழப்பத்துக்குள் எப்படி வழி கண்டுபிடித்தார் என்பது எனக்கு ஆணிச் சண்டையைவிடப் பெரிய ஆச்சரியம். எண்ணில் அடங்காத திறமை அது, எந்தப் படியிலும் வராது.

உச்சியில் சிலுவை ஒன்று இருக்கிறது. வடக்கு விளிம்புக்குத் தவழ்ந்துபோய் எட்டிப் பார்த்தேன். சுவர் தெரியவில்லை. உள்பக்கமாக வாங்கிப் போகிற சுவர் மேலிருந்து எப்படித் தெரியும், கீழே சரளைச் சரிவும் எறும்பு அளவில் நடப்பவர்களும்தான் தெரிந்தார்கள். எங்கிருந்தோ சுத்தியல் இல்லாத காலத்துச் சத்தம், கொக்கிகள் உரசும் கிணுகிணுப்பு, மேலேறி வந்தது. கோமிச்சி ரூட்டில் ஒரு ஜோடி இருக்கிறது என்றார் வழிகாட்டி. ஆணியைப் பிடித்துத்தான் ஏறுகிறார்களா, விரலாலா என்று கேட்டேன். இவ்வளவு படித்துவிட்டு வந்தவன் கேட்காமல் இருப்பேனா.

“வெயில் சாய்வதற்குள் மேலே வருகிறார்களா என்றுதான் நான் பார்ப்பேன்” என்றார்.

இறங்கியதும் அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். கீழேயிருந்தே நன்றாகத்தானே தெரிகிறது, மேலே போய் என்னத்தைப் பார்த்தாய் என்று பதில் வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை, மெஸ்னரிடமாவது இருக்குமா தெரியாது.

போக நினைக்கிறவர்களுக்கு நடைமுறை விஷயம் கொஞ்சம். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், அதனால் காலை வெளிச்சம் வருவதற்குள் பாறையடியில் இருக்க வேண்டும். ஏறாமல் பார்க்க மட்டும் போகிறவர்கள் கணவாயோடு நிற்காமல் 2405 மீட்டரில் உள்ள லொக்காத்தெல்லி விடுதி வரை நடந்துவிடுங்கள். ஸெப் இன்னர்கோஃப்ளர் நடத்திய விடுதி குண்டுவீச்சில் போன பிறகு கட்டியது அது. அங்கே உட்கார்ந்து ஒரு பைனாகுலரை வைத்துக்கொண்டு பொறுமையாகத் தேடினால், மஞ்சளுக்கு நடுவே நகரும் சிவப்பு, நீலப் புள்ளிகள் கண்ணில் படும். கோமிச்சி ரூட் சுவரின் நடுவுக்குச் சற்று இடப்பக்கமா, வலப்பக்கமா என்று பக்கத்து மேசையில் கேட்டுவிடாதீர்கள். அந்த மேசையில் ஒருவர் வரைந்து காட்ட ஆரம்பிப்பார், இன்னொருவர் அது ஹாஸ்ஸே ரூட் என்பார், கடைசி பஸ் போய்விடும்.